தரிசு என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சேர்வராயன் மலையில் மரக்கன்று நட்ட செய்தியைப் படித்தேன். 'ஒன்றுக்கும் உதவாமல் தரிசாகக் கிடந்த புல்மேடு' என்று அதில் ஒரு வரி. நிருபர் போகிற போக்கில் எழுதியிருப்பார். எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்த மேடு எனக்குத் தெரியும். காபித் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தவன் நான். சம்பளப் பட்டுவாடாவுக்கு மேல் டிவிஷன் போகும் குறுக்குவழி அதன் மேல்தான் போகிறது. ஆடி, ஆவணி மழையில் முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும் தரை ஆர்க்கிட். ஹபனேரியா லாங்கிகார்னிகுலேட்டா என்பது புத்தகப் பெயர். நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் என்பதால் என் வீட்டில் அதற்கு வால்பூ என்று பெயர் வைத்துக்கொண்டோம். பூவுக்குப் பின்னால் வெளிர்பச்சையில் ஒரு தேன்குழல் தொங்கும், என் நடுவிரலைவிட நீளம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுனியில் தேன் எதுவரை நிற்கிறது என்று தெரியும். பகலில் முகர்ந்துவிட்டு மணமே இல்லை என்பார்கள். இருட்டிய பிறகு போக வேண்டும். அவ்வளவு நீளக் குழலுக்குள் நாக்கை விடத் தெரிந்த அந்துப்பூச்சிக்காக ஏற்பட்ட மணம் அது. தங்கள் நிருபருக்காக அல்ல.

அவர் போனது கோடையில் போலும். படத்தில் குழி மண் காய்ந்து கிடக்கிறது. கோடையில் மேலே ஒன்றும் தெரியாதுதான். இலையும் தண்டும் கருகி, மண்ணுக்குள் கிழங்காக உறங்கும் காலம். மண் சரிந்த ஓரத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்: போன வருடக் கிழங்கு சுருங்கிச் சக்கையாக, அதை ஒட்டியே வரப்போகும் வருடத்துக்கானது கொழுகொழுவென்று. அதன் மேல்தான் கடப்பாரை இறங்கியிருக்கிறது.

மரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. சில்வர் ஓக் நிழலில் நின்றுதான் சம்பளம் வாங்கினேன். ஆனால் இந்தச் செடி வெயில் குடித்து வளர்வது. மேலே நிழல் கட்டினால் இருக்காது. வேறிடத்தில் பிடுங்கி நடலாமே என்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். இரண்டு செடியைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். ஒரு மழைக்கு இலை விட்டன. மறு வருடம் தொட்டியில் மண் மட்டும். இதன் விதை தூசியாக இருக்கும், உள்ளே சேமிப்பு உணவு கிடையாது. உரிய பூஞ்சை அந்த மண்ணில் இருந்தால்தான் முளைக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்தப் பாவம் என் கணக்கில்.

தரிசு என்பது பதிவேட்டுச் சொல் ஐயா. கணக்கு எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், வரி வராத நிலத்துக்கு இட்ட பெயர் அது. இந்த மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்காக மண்ணை வாரியபோதும், 'சும்மா கிடக்கிற மேடுதானே' என்று டீக்கடையில் சொன்னவர்கள் உண்டு.

ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருப்பது தாங்கள் அறியாததா? 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவருக்கு அங்கே நின்று ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை. கோடை விழாவின்போது ஊதா டெண்ட்ரோபியம் படத்தைப் போட்டு 'ஏற்காட்டுக் காட்டு ஆர்க்கிட்' என்று எழுதியதும் தங்கள் பத்திரிகைதான். அது கடையில் விற்கும் கலப்பினத் தொட்டிச் செடி என்று அப்போதே கடிதம் போட்டேன். வெளியிட இடமில்லை போலும். அந்த வாரம் ராசிபலன் முழுப் பக்கம் வந்திருந்தது.

அந்தக் கடிதத்தோடு வால்பூவின் படம் ஒன்றும் வைத்திருந்தேன். என்னிடம் இருந்த ஒரே பிரதி. பின்னால் பென்சிலில் தேதி இருக்கும். 'தரிசு' என்பதற்கு ஒரு வரித் திருத்தம் போட்டால் மகிழ்வேன். இயலாவிட்டால் அந்தப் படத்தையாவது திருப்பி அனுப்புங்கள். தபால்தலை ஒட்டிய உறையை அன்றே உள்ளே வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட ரைட்டர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.