யாழ்ப்பாணம் பக்கம்தான், தோட்டம்தான் தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரின் கடிதம் வெளியாகியிருந்தது. இன்றைய பல்கலைக்கழக மாணவர்கள் விடுதியும் கைபேசியுமாகக் கிடக்கிறார்கள், படிக்கிற காலத்திலேயே நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும், மனமிருந்தால் சிறு காசிலும் பயணம் போகலாம் என்று எழுதியிருந்தார். நல்ல மனத்தோடு சொன்ன அறிவுரை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிறு காசில் பயணம் போவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையகத்தில் நோர்வூட்டுக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற எனக்கு அது இரண்டாவது பாடத்திட்டம்.

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற ஏ9 வீதி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று வரிசை தவறாமல் சொல்வேன். எந்த ஊரில் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பக்க இருக்கையில் பிற்பகல் வெயில் விழாது என்பதும் தெரியும். சீகிரியாவை மட்டும் பார்த்ததில்லை. தம்புள்ளையில் இறங்கினால் கிட்டத்தில்தான். ஆனால் இறங்கிவிட்டால் அந்த டிக்கெட் அங்கேயே முடிந்துவிடும். மீதித் தூரத்துக்குப் புதிய டிக்கெட் எடுக்க வேண்டும், கண்டியிலிருந்து எங்கள் பக்கத்து நகரமான ஹட்டனுக்குப் போகிற கடைசி பஸ்ஸும் போய்விடும். ஆகவே அன்பர் சொல்கிற நாட்டை நான் ஜன்னல் வழியாகவே பார்த்து வருகிறேன்.

காசை மிச்சம் பிடிக்கிற வழிகளில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. குளிரூட்டிய பஸ்ஸை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அரைச் சொகுசு என்று எழுதியிருந்தால் கட்டணம் ஒன்றரை மடங்கு, இருக்கை என்னவோ அதே இருக்கைதான். நீண்ட தூர பஸ்கள் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற கடைகளில் சாரதிக்கும் நடத்துநருக்கும் தனி மேசை போட்டு உபசரிப்பார்கள். அந்த உபசரிப்பின் செலவு எங்கள் பிளேன்டீயில் ஏறிவிடும் என்பதால் நாங்கள் இறங்குவதில்லை. தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுபோனால் இரவு வரைக்கும் கெடாது. சம்பலுக்கு வெங்காயம் சேர்க்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை, பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பாராம்.

ரயில் இன்னும் மலிவு. வடக்கு ரயிலில் வந்து பொல்கஹவெலயில் இறங்கி மலையக ரயிலுக்கு மாறலாம். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கண்டியைத் தாண்டினால் வாசற்படி முழுவதும் கமராவோடு வெளிநாட்டுப் பிள்ளைகள். அவர்களும் எங்களைப் போலக் கையில் அளந்து வைத்திருக்கும் காசோடு வந்தவர்கள்தான், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் 2025 நவம்பரில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் குலைத்துப்போட்ட பிறகு நான் பஸ்ஸையே நம்புகிறேன்.

இனி சீசன் டிக்கெட்டுக்கு வருகிறேன். மாணவருக்குச் சலுகை விலையில் இலங்கைப் போக்குவரத்துச் சபை சீசன் டிக்கெட் கொடுக்கிறது. நல்ல திட்டம், என் தம்பி அதில்தான் பாடசாலைக்குப் போகிறான். ஆனால் அது தங்குமிடத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே தினமும் போய்வருகிறவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. என் விடுதியிலிருந்து பீடத்துக்கு நடந்தே போகலாம். சலுகை இருக்கிற வழியில் எனக்கு பஸ் தேவையில்லை, பஸ் தேவைப்படுகிற வழியில் சலுகை இல்லை. ஓர் அரையாண்டில் ஒரு தடவையாவது வீட்டுக்குப் போய்வருவதற்கு, பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினால் சாதாரண பஸ்ஸிலும் மூன்றாம் வகுப்பு ரயிலிலும் அரைக் கட்டணம் என்று ஏற்பாடு செய்ய முடியாதா? பல்கலைக்கழக மாணவருக்கு மாதந்தோறும் கிடைக்கிற மகாபொல புலமைப்பரிசிலை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள், அதற்கு நன்றி. அந்தப் பணத்தில்தான் சாப்பாடும் போட்டோகொப்பியும். வீட்டுக்குப் போகிற செலவை அதில் பிய்த்தெடுக்கிற மாதம் மதியச் சாப்பாடு பணிஸாகிவிடுகிறது.

இருந்தாலும் ஹட்டன் வரைக்கும் எப்படியோ வந்துவிடுகிறோம். என் உண்மையான முறைப்பாடு ஹட்டனில்தான் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் காலையில் பஸ் ஏறினால் கண்டியில் மாறி ஹட்டனுக்கு வரும்போது இரவாகிவிடும். எங்கள் தோட்டப் பக்கம் போகிற கடைசி பஸ் மாலை ஆறரைக்கே கிளம்பிவிடுகிறது. 2024 தீபாவளிக்கு முந்தின இரவு அப்படித்தான் வந்து நின்றேன். ஜவுளிக் கடைகளில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது, பஸ் நிலையத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு வண்டி இல்லை. ஆட்டோவுக்குக் கேட்டது 2,000 ரூபா. யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டன் வரைக்கும் இரண்டு பஸ்ஸுக்கும் நான் கொடுத்ததைவிட அது அதிகம். அந்த வருடம்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் அம்மாவுக்கு ஒன்றரைப் பேர். மலையில் நின்று கொழுந்து பறித்தவர்களுக்கு ஒன்றரைப் பேர் என்றால் என்னவென்று தெரியும், மற்றவர்களுக்கு நான் விளக்கப்போவதில்லை.

ஆட்டோக்காரரையும் குறை சொல்ல மாட்டேன். தொழிற்சாலைத் திருப்பம் வரைக்கும் ஏறினார். அங்கே வண்டியை நிறுத்தி முன்விளக்கைத் தூக்கி அடித்துக் காட்டினார். மழை அறுத்த பாதையில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் ஓடியிருந்தது. “தங்கச்சி, இதற்கு மேல் ஏற்றினால் நாளைக்கு எனக்கு வண்டி இருக்காது” என்றார். இருநூறு ரூபாவைத் திருப்பித் தந்துவிட்டு, நான் மேட்டைக் கடக்கும் வரைக்கும் விளக்கை அணைக்காமல் நின்றார். மிச்சத்தூரம் கைபேசி வெளிச்சத்தில் நடந்தேன். லயத்துக்கு வந்து செருப்பைக் கழற்றினால் இரண்டு காலிலும் அட்டை. பண்டிகைக்கு வந்த பிள்ளைக்கு அப்பா முதலில் எடுத்துவந்தது உப்புப் போத்தலைத்தான்.

ஹட்டனிலிருந்து எங்கள் சந்தி வரைக்குமான இதே பாதையில், இதே நேரத்துக்கு, வருடத்தில் சில மாதங்கள் பஸ் ஓடுகிறது என்பதுதான் வேடிக்கை. டிசம்பர் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலைப் பருவகாலம். அப்போது ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு யாத்திரிகர்களுக்காக இரவிலும் விசேட பஸ்கள் விடுவார்கள். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாகத்தான் அவை போகின்றன. அந்த மாதங்களில் நான் எவ்வளவு பிந்தி வந்தாலும் கவலையில்லை, எங்கள் சந்தியில் இறங்கிக்கொள்வேன், தம்பி டோர்ச்சோடு வந்து நிற்பான். வெசாக் முடிந்ததும் அந்தப் பாதை இரவில் வெறிச்சோடிவிடும். தீபாவளியோ எப்போதும் இந்தப் பருவகாலத்துக்கு வெளியே வருகிறது. சாரதி இல்லை, வண்டி இல்லை, இருட்டில் மலைப்பாதை ஆபத்து என்று சொல்கிறவர்களை நான் கேட்க விரும்புவது இதுதான்: ஜனவரியில் இல்லாத ஆபத்து ஒக்டோபரில் எங்கிருந்து வருகிறது?

பகலில் வந்து இரவில் மாட்டிக்கொள்ளாமல் இரவு பஸ்ஸில் வந்தால் என்ன என்று கேட்கலாம். வரலாம், பலர் வருகிறார்கள். விடியற்காலையில் ஹட்டன் வந்து சேர்ந்தால் தோட்டத்துக்கு முதல் பஸ் கிடைக்கும், ஆட்டோச் செலவு மிச்சம். ஆனால் அதற்குக் கண்டியில் விடியும்முன் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் பையைத் தலைக்கு வைத்து எங்கேயாவது சாய்ந்துகொள்வார்கள். நாங்கள் வெளிச்சமும் திறந்த தேநீர்க் கடையும் எங்கே இருக்கின்றன என்று தேடி, குடிக்க விருப்பமில்லாத பிளேன்டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம், சும்மா நின்றால் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள் என்பதற்காக. கண்டியிலும் ஹட்டனிலும் இரவு முழுவதும் திறந்திருக்கிற, பெண்களுக்கான காத்திருப்பு அறை ஒன்று வேண்டும். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கதவும் ஒரு விளக்கும் இருந்தால் போதும்.

எங்களால் முடிந்ததை நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம். பேராதனை, வந்தாறுமூலை, ஒலுவில், யாழ்ப்பாணம் என்று பல இடங்களில் படிக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். யார் எந்த பஸ்ஸில் எத்தனை மணிக்கு ஹட்டனுக்கு வருகிறார்கள் என்று அதில் பதிவிடுவோம், முதலில் வந்தவர் மற்றவர்களுக்காகக் காத்திருப்பார், பிறகு ஆட்டோவைப் பங்கு போட்டுக்கொள்வோம். மூன்று பேர், மூன்று பொதி, ஒரு அரிசிப் பை என்றால் ஆட்டோக்காரர் கணக்கும் கூடிவிடும்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. பருவகாலம் இல்லாத மாதங்களில் வெள்ளிக்கிழமைகளிலும் பண்டிகைக்கு முந்தின நாட்களிலும் இரவு எட்டரைக்கு ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் ஒரு பஸ். எங்களோடு கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளும் அதில் ஏறுவார்கள், வெள்ளியிரவு அவர்கள் நிலைமையும் இதேதான். வருகிற தீபாவளிக்கு முந்தின நாள் விட்டுப் பார்க்கட்டும், ஆள் சேராவிட்டால் மறுநாளே நிறுத்திவிடட்டும். யார் யார் எந்தச் சந்தியில் இறங்குவார்கள் என்ற பட்டியலை எங்கள் குழுவிலிருந்து எடுத்து முன்கூட்டியே அனுப்பிவைக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் பொறுப்பானவர்கள் இந்தப் பத்திரிகை வழியாகத் தெரியப்படுத்தினால் போதும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக மாணவி,
நோர்வூட்.