ஒரு கீபோர்டு, இரண்டு பேர்: கோத்தகிரி நண்பர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்ணனுக்கும், அக்காவுக்கும், மாடி அறையைத் தந்த தையல்கடை மாமாவுக்கும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தார் எல்லோருக்கும்,

நாம் சேர்ந்து எழுதிய சர்வர், அதாவது போன் கேட்பதற்குப் பதில் தரும் புரோகிராம், ஓடத் தொடங்கிவிட்டது. அன்றன்று எடை போட்ட பசுந்தேயிலையை போனிலேயே பதிந்தால், மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை கிலோ என்று காட்டுகிறது. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி என்றால் பிரவுசரில் பட்டன் நிறம் மாற்றுவது என்றே இருந்த எனக்கு இது பெரிதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து வார இறுதியில் ஓய்வெடுக்க வரும் அண்ணனை நாங்கள் ஓய்வெடுக்க விட்டதே இல்லை. குரோமுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் அதே வி8 இன்ஜினை வைத்து, பிரவுசருக்கு வெளியேயும் அந்த மொழியை ஓட்ட 2009இல் ரயன் டால் நோட் ஜேஎஸ்ஸைச் செய்தார் என்று அவர் சொன்ன பிறகுதான், தெரிந்த மொழியிலேயே சர்வரும் எழுதலாம் என்பது பிடிபட்டது. அங்கே திரையும் பட்டனும் கிடையாது. ஃபைலைப் படிக்கலாம், போர்ட் என்கிற நெட்வொர்க் வாசலில் யார் கேட்கிறார்கள் என்று காத்திருக்கலாம்.

பிறகு மூன்று வரி எழுதி, எந்த வரிசையில் அச்சாகும் என்று கேட்டார். நடுவரியில், இவ்வளவு நேரம் கழித்துச் செய் என்று சொல்லும் செட்டைம்அவுட், நேரம் பூஜ்யம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கோரஸாகச் சொன்னோம். வந்தது ஒன்று, மூன்று, இரண்டு. "எடை போடுறவர் இலையோடவே ஃபேக்டரிக்குப் போறாரா? சீட்டை எழுதிக் கொடுத்துட்டு அடுத்த மூட்டையைத் தூக்குறார்ல, அதான் ஈவென்ட் லூப்" என்றார். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது ஒரே த்ரெட், அதாவது ஒரே வேலையாள் மாதிரி என்றாலும் பல பேருக்குப் பதில் போவது இப்படித்தான். அந்த ஒருவரையே பெரிய கணக்கில் உட்கார வைத்தால் வரிசை முழுக்க நின்றுவிடும் என்பதையும் அப்போதே சொல்லி வைத்தார்.

அப்புறம், அக்கா. ஏஜென்ட்டிடம் இலைக்கணக்கு எழுதுகிறவர். நம் ஏற்பாட்டில் ஒருவர் டைப் செய்ய, மற்றவர் பார்த்துக்கொண்டே அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் இடம் மாற வேண்டும். காலையில் 12, மாலையில் 8 கிலோ என்று போட்டபோது திரையில் 128 வந்தது. நான் எழுதிய புரோகிராம் வரிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அக்காதான், "இவ்வளவு இலை அந்தத் தோட்டத்துலயே கிடையாதே" என்றார். ஃபார்மிலிருந்து வருவதெல்லாம் எழுத்தாகவே வருகிறது, எண்ணாக மாற்றாமல் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்படித்தான் தெரிந்தது. ஈர இலைக்கு எடையில் கழிப்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும் என்றதும் அவரே. தனியாக எழுதியிருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது.

"ஒரு வேலைக்கு ரெண்டு ஆளா?" என்று கேட்ட அப்பாவுக்கும் நன்றி, அந்தக் கேள்வியால்தான் தேடிப் படித்தேன். சாஃப்ட்வேர் எழுதும் முறைகளை ஆராய்ந்த அலிஸ்டர் காக்பர்னும் லாரி வில்லியம்ஸும் 2000இல் எழுதிய கட்டுரையில், ஜோடியாக எழுதினால் சுமார் 15 சதவீதம் நேரம் கூடும், ஆனால் பிழை குறையும் என்கிறார்கள். நேரம் கூடுவது உண்மைதான். எல்லாவற்றுக்கும் ஜோடி தேவையில்லை என்பதும் என் கட்சி: புதிதாக ஒன்றைப் படிப்பதற்குத் தனிமைதான் சரி, பக்கத்தில் ஆள் இருந்தால் புரியாமலே தலையாட்டிவிடுவோம்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போன நாளில் கடை இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார் மாமா. வர்க்கிக்குக் காசு வாங்க மறுத்த பேக்கரிக்காரரே, அடுத்த முறை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கு இன்னும் ஒரு ஜேசான் ஃபைலில்தான், வெறும் எழுத்து ஃபைலாக, கிடக்கிறது. இந்த ஞாயிறு அதை எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸுக்கு மாற்றுகிறோம். முதலில் கீபோர்டைப் பிடிப்பது அக்கா, நான் பக்கத்தில்.

நன்றியுடன்,
கோத்தகிரியிலிருந்து உங்கள் தங்கை