மருமகனுக்கு, அந்தப் பெயர் வில்லையைப் பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று ராத்திரி இரண்டு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. டூட்டியில் இருந்திருப்பாய். எடுத்திருந்தாலும் நான் அழுதிருப்பேன், நீ "சரி அத்தை, அப்புறம் பேசறேன்" என்று வைத்திருப்பாய். அதனால், உன் போலீஸ் சட்டையில் இருக்க வேண்டிய பெயர் வில்லையைப் பற்றி எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். ஒரு பிள்ளை வயலிலும் இன்னொரு பிள்ளை போலீஸ் ஆயுதப்படையிலும் இருக்கிற வீடு இந்த டெல்டாவில் நம் வீடு மட்டும் இல்லை.

ஊர் நிலவரம் உனக்குத் தெரியும். 2025-ல் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் திறந்துவிட்டார்கள், குறுவை நன்றாகத்தான் விளைந்தது. அறுத்துக் கொண்டுபோய் நெல் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால் சாக்கு இல்லை, லாரி இல்லை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பதில். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நம் குவியலின் படுதாவை விலக்கிக் கையை விட்டேன். உள்ளே அடுப்பு மாதிரி சூடு. நெல் முளைத்து வேரோடு வேர் பின்னி, தூக்கினால் பாய் மாதிரி மொத்தமாக வந்தது. உன் அப்பா ஒன்றும் பேசாமல் அதைப் பிய்த்துப் பிய்த்து மாட்டுக்குப் போட்டான்.

அதனால்தான் முக்கூட்டில் போய் மறியலுக்கு உட்கார்ந்தோம். கையில் நெல்லைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்குப் பக்கத்தில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். உன் வயசுப் போலீஸ்காரப் பையன் ஒருவன் அவர் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தான். துண்டு காலில் சுற்றிக்கொண்டது, தார் ரோட்டில் அவர் முழங்கை உரசித் தோல் வழன்றுவிட்டது. "தம்பி, உன் பேர் என்னப்பா?" என்று கேட்டேன். திட்டுவதற்குக் கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிதானிப்பான் என்று தோன்றியது. அவன் சட்டையைப் பார்த்தேன். பெயர் வில்லை இருக்க வேண்டிய இடத்தில் ஊசி குத்தின ஓட்டை இரண்டுதான் இருந்தது.

எங்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அப்பா பேர், புருஷன் பேர், வயசு, கதவிலக்கம், போன் நம்பர் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. ராத்திரி வேறொரு ஊர் மறியல் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. வரிசையில் மூன்றாவதாக நீ நின்றாய். உன் சட்டையிலும் வில்லை இல்லை.

ராசா, பயிற்சி முடிந்து முதல் முதலாகச் சீருடையில் வீட்டுக்கு வந்தாயே, அன்றைக்கு அந்த வில்லையை என் முந்தானையால் துடைத்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் பெயருக்கு முன்னால் இருக்கிற இனிஷியல் என் தம்பியுடையது. கடன் வாங்கி உன்னைக் கோச்சிங்குக்கு அனுப்பியவன் அவன்.

வில்லை போட வேண்டும் என்பது சட்டமும்கூட. 1986-ல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பில் இருந்த டி.கே. பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்கிறவர்களுக்கு 11 கட்டளைகள். முதல் கட்டளையே, பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிகிற வில்லை அணிந்திருக்க வேண்டும் என்பதுதான். பெயர் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 36-வது பிரிவாக இருக்கிறது. உனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

2018 மே 22 தூத்துக்குடியை நினைத்துப் பார். ஸ்டெர்லைட் போராட்டத்தில் வேன் மேல் ஏறித் துப்பாக்கியைக் குறி பார்த்த போலீஸ்காரர் சீருடையே இல்லாமல் மஞ்சள் டீ-ஷர்ட்டில் இருந்தார். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். யார் சுட்டது, யார் சொல்லிச் சுட்டது என்று ஊரே கேட்டது. விசாரணை ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வரவே நாலு வருஷத்துக்கு மேல் ஆனது.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு வேனில் ஏறி, எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல் இறங்கி, வெயிலிலும் மழையிலும் நிற்கிறாய். லத்தியை எடு என்று உத்தரவு போடுகிறவர் யாரோ. செல்போனில் படம் பிடித்துப் பெயரோடு போட்டுவிட்டால் வீட்டுக்குத் தொந்தரவு வரும் என்று பயந்துகூடக் கழற்றியிருக்கலாம், அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பெயர் வெளியே தெரிகிறபோது கை ஒரு நிமிஷம் யோசிக்கும். அந்த ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் பெரியவர் தானாகவே எழுந்து நடந்திருப்பார். எழுந்திருக்கத்தான் அவர் கையை ஊன்றினார், நான் பார்த்தேன்.

இந்த விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இரு. மேலே இருக்கிறவர் கழற்றச் சொன்னால், சட்டப்படி போட வேண்டும் ஐயா என்று மரியாதையாகச் சொல். ஏச்சு விழும், வாங்கிக்கொள்.

நெல்லைத் திரும்பவும் ரோட்டில் பரப்பியிருக்கிறோம். இரண்டு நாள் வெயில் அடித்தால் 17-க்கு வந்துவிடும் என்கிறான் உன் அப்பா. வில்லை தொலைந்துபோனதுதான் காரணம் என்றால் சொல், டவுனில் போர்டு எழுதுகிற கடையில் அன்றைக்கே செய்து தருவார்கள். இனிஷியலை மட்டும் விட்டுவிடாமல் எழுதச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை