ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீரர், வீராங்கனைகளுக்கு வணக்கம்.

சோதனையில் சிக்கியதும் சமூக வலைத்தளத்தில் நீங்கள் போடும் முதல் பதிவு எனக்கு மனப்பாடம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. "தெரிந்து எதையும் உட்கொண்டதில்லை" என்றொரு வரி. வரிக்கு வரி வழக்கறிஞரின் வாடை. அடியில் பின்னூட்டப் பெட்டிக்குப் பூட்டு. இரண்டு நாள் கழித்துச் சிறுவயதுப் படம், அதன்பின் நாய்க்குட்டி. இதில் எதைப் பார்த்து உங்களை நம்புவது?

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கை நினைத்துக்கொள்கிறேன். 2012 அக்டோபரில் அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன. அடுத்த மாதமே ட்விட்டரில் ஒரு படம் போட்டார். சுவரில் சட்டமிட்ட ஏழு மஞ்சள் சட்டைகள், அந்தப் பந்தயத்தை வென்றதன் அடையாளம். கீழே சோபாவில் அவர் ஒய்யாரமாகச் சாய்ந்திருக்கிறார். 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில், ஊக்கமருந்து எடுத்த உண்மையை ஒப்புக்கொண்டார். அன்று சொன்னவற்றில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சோபா மறக்கவில்லை.

டென்னிஸ் வீராங்கனை இகா ஷ்வியான்டெக்கின் வழி வேறு. 2024 நவம்பரில் அவருக்கு ஒரு மாதத் தடை. தூக்கத்துக்கு எடுத்த மெலடோனின் மாத்திரையில் டிரைமெடாசிடின் என்ற தடைசெய்யப்பட்ட இதய மருந்து கலந்திருந்தது. இன்ஸ்டாகிராமில் காணொளி போட்டு, தானே பேசினார். விசாரித்த அமைப்பின் முடிவும் வெளியாகியிருந்ததால், அவர் பேச்சைச் சரிபார்க்க முடிந்தது. அதற்கு முன் ஒரு போட்டியிலிருந்து விலகியபோது சொந்தக் காரணம் என்று சொல்லியிருந்தது மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விசாரணை நடக்கும்போது நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, நிலுவையில் உள்ள வழக்கின் விவரங்களைப் பற்றி அதிகாரிகள் தாமாகப் பேசக்கூடாது. உங்கள் தரப்பு பொதுவெளியில் பேசினால் அதற்குப் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். அதனால் பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் அது உங்களையே திருப்பி அடிக்கும். உங்கள் ரசிகர் படையை, மாதிரி எடுக்க வந்தவர் மேல் ஏவிவிடுவதோ அதைவிடக் கேவலம். சிறுநீர்க் குப்பிக்கு முத்திரை வைத்தவருக்காகப் பரிந்து பேச எந்தப் படையும் இல்லை.

தீர்ப்பு வந்தபின் சாக்குப்போக்கு வேண்டாம். தடை குறைவது வேறு, குற்றமற்றவர் என்று தீர்ப்பாவது வேறு. டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா 2016 மார்ச்சில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, சோதனையில் சிக்கியதைத் தானே சொன்னார். அந்தத் துணிவை மதிக்கிறேன். அவர் எடுத்த மெல்டோனியம் என்ற மருந்து அந்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் தடைப்பட்டியலில் இருந்தது. விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவருடைய இரண்டு ஆண்டுத் தடையை 15 மாதமாகக் குறைத்தது. ஆனால் அவர் மீதும் ஓரளவு தவறு உண்டு என்றே சொன்னது. உங்கள் தீர்ப்பிலும் அப்படியொரு பத்தி இருக்கும். இனிக்கும் வரியை மட்டும் வெட்டி ஒட்டாமல், முழுத் தீர்ப்பையும் போடுங்கள். பின்னூட்டப் பெட்டியையும் திறந்துவையுங்கள்.

உண்மையிலேயே தவறு செய்தவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் ஆடம் நெல்சன் இரண்டாமிடம். முதலிடம் பிடித்தவரின் பதக்கம் 2012இல் பறிக்கப்பட்டது. மறு ஆண்டு, அட்லாண்டா விமான நிலையத்தின் உணவுக்கூடத்தில் வைத்து நெல்சன் கையில் அந்தத் தங்கம் கொடுக்கப்பட்டது. உங்களால் இடம் இழந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் பெயரை உங்கள் பக்கத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்படிக்கு,
பின்தொடர்வதை இன்னும் நிறுத்தாத ஒரு ரசிகன்