கட்டவிழ்த்துவிட்டவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், "என் பெயரைப் போட்டுவிடாதே" என்று முன்கூட்டியே மிரட்டி வைத்திருக்கிற மற்ற எல்லோருக்கும்,

என் வீட்டுக்காரர் இறந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நன்றி சொல்ல இவ்வளவு நாளா என்று கேட்காதீர்கள். எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே கண் நிறைந்துவிடும், அப்புறம் துணி காயப்போட எழுந்து போய்விடுவேன். ஈஸ்டர் மறுபடியும் வந்துவிட்டது, இன்றைக்கு முடித்துவிட்டுத்தான் எழுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷ ஈஸ்டர் காலை அப்படியே நினைவில் இருக்கிறது. அவரை அடக்கம் பண்ணி அன்றைக்குப் பதினாறு நாள். எல்லோரும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சொல்லும்போது எனக்கு மட்டும் வாய் வரவில்லை. அங்கே இயேசுவுக்கு மூன்றாம் நாள் கல்லறை திறந்தது, சரி, எங்கள் வீட்டில் பதினாறாவது நாளும் அவருடைய கண்ணாடி மேஜைமேல் வைத்த இடத்திலேயே இருக்கிறதே என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, நீங்கள் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தவில்லை, பாடு என்று முழங்கையால் இடிக்கவும் இல்லை. என் பங்கையும் சேர்த்துப் பாடுகிறவர் மாதிரி சத்தமாகப் பாடினீர்கள். (உங்களுக்குச் சுருதி நிற்காது, அது வேறு விஷயம்.) அன்றைக்கு நான் எழுந்து போய்விடாமல் கடைசி ஆமென் வரை நின்றது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

அதே வாரத்தில் வேறொருவர் வந்து, விசுவாசம் இருந்தால் இப்படி அழமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். யார் என்று சொல்லப்போவதில்லை, அவரும் நல்லது நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அப்போது நம் போதகர் பிரசங்கம் ஒன்றும் பண்ணாமல் யோவான் சுவிசேஷம் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து, "முதல் ஈஸ்டர் காலையில் கல்லறைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றது யார் என்று பார் அம்மா" என்றார். மகதலேனா மரியாள். உயிர்த்தெழுந்தவர் எதிரில் நிற்கிறார், கண்ணீரில் அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்துவிடுகிறாள். அவர் திட்டவில்லை, "மரியாளே" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அப்போஸ்தலன் பவுலும் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதும்போது துக்கப்படாதீர்கள் என்று தடை போடவில்லை, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி நின்று அழுவதற்கு வேண்டிய இடம் இருக்கிறது. போதகர் ஐயா, அந்த இடத்தைக் காட்டினதற்கு நன்றி.

சரி, இப்போது லாசருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுத வைத்ததே யோவான் 11-ஆம் அதிகாரம்தான்.

பெத்தானியா ஊரில் லாசரு செத்து நாலு நாள். "இப்பொழுது நாறுமே" என்று அவன் சகோதரி மார்த்தாள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறாள். செத்தவனைக் கூப்பிட்டு எழுப்பத் தெரிந்த இயேசுவுக்கு ஒரு கல்லை நகர்த்துவதா பெரிய காரியம்? ஆனாலும் அங்கே நிற்கிறவர்களைப் பார்த்து, "கல்லை எடுத்துப்போடுங்கள்" என்கிறார். லாசரு வெளியே வருகிறான், உயிர் வந்துவிட்டது, ஆனால் கைகால் எல்லாம் பிரேதச் சீலையால் கட்டியிருக்கிறது, முகத்திலும் துணி. மறுபடியும் அவர்களிடம்தான், "இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள்" என்கிறார். உயிர் கொடுப்பது அவர் வேலை. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு கிட்டப் போய் முடிச்சை அவிழ்ப்பதை மட்டும் அக்கம்பக்கத்தில் நின்றவர்களிடம் விட்டுவிட்டார். ஆண்டவர் தாம் உயிர்த்தெழுந்தபோது சீலைகளை உள்ளேயே விட்டுவிட்டுப் போனார், தலையில் சுற்றியிருந்த துணி தனியாகச் சுருட்டி வைத்திருந்தது என்று யோவான் சொல்கிறார், அவருக்கு யாரும் அவிழ்த்துவிட வேண்டியிருக்கவில்லை. நாம் எல்லோரும் லாசரு ஜாதிதான், நமக்கு ஆள் வேண்டும்.

எனக்கு நீங்கள் வந்தீர்கள்.

அவருடைய அலமாரியை நான் ஐந்து மாதம் திறக்கவே இல்லை. ஒரு மத்தியானம் பாட்டுக்கார அக்காதான் வந்து, ஒன்றும் பேசாமல் அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்தீர்கள். ஒவ்வொரு சட்டையாக எடுத்து, பையில் ஏதாவது இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, "இது?" என்பீர்கள். நான் தலையை ஆட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் இன்னொரு பக்கம். சாம்பல் நிறக் கட்டம்போட்ட சட்டைப் பையில் நாலாக மடித்த சீட்டு ஒன்று, அவர் கையெழுத்தில்: "டார்ச் பேட்டரி. குழாய் வாஷர்." அவ்வளவுதான். அதைப் பார்த்து நான் அழுத அழுகை அடக்கத்தன்றுகூட அழவில்லை. நீங்கள் தேற்றவில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தீர்கள். சாயங்காலம் பாதி அலமாரி காலியாக இருந்தது, எனக்கு மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது. பிரேதச் சீலையை அவிழ்ப்பது என்றால் என்ன என்று எனக்கு எந்த வேதபாடமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அந்தச் சீட்டைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அதனால் அடுத்த நன்றி என் கொழுந்தனுக்கு.

அண்ணன் தம்பிக்குள் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் இங்கே வேண்டாம், என் பக்கமும் தப்பு இருந்தது. தம்பி, நீங்கள் தயங்கித் தயங்கி வாசலில் நின்றீர்கள், உள்ளே வந்து சுவரில் சீட்டைப் பார்த்தீர்கள், சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் பார்த்தீர்கள். வெளியே போய் அரை மணி நேரத்தில் வாஷரோடு வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வேலை முடிந்ததும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்த பிறகுதான், "அண்ணி, நான் அண்ணனிடம் வந்து பேசியிருக்கணும்" என்றீர்கள்.

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, சீஷன் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவை எனக்குத் தெரியாது என்று சொன்ன இடம். இரண்டாவது, திபேரியா கடற்கரையில் உயிர்த்தெழுந்தவர் தாமே மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்த இடம். மரணத்தை ஜெயித்தவர் விடியற்காலையில் செய்துகொண்டிருந்த வேலை, ராத்திரி முழுக்க வலை போட்டுக் களைத்தவர்களுக்குச் சாப்பாடு. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். "நீ என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று பேதுருவிடம் மூன்று தரம் கேட்டது அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் கேள்வி. நம் வீட்டில் அன்றைக்கு நடந்ததும் அதே வரிசையில்தான், தம்பி.

சபைக் கணக்குப் பார்க்கிற அண்ணன், உங்களை விட்டுவிடவில்லை. வங்கிக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் எனக்காக எத்தனை படிவம் நிரப்பினீர்கள், ஒரு இடத்தில் ஒரே தாளுக்காக நாலு தரம் அலையவிட்டார்கள், நாலு தரமும் முகம் சுளிக்காமல் கூட வந்தீர்கள். "இது என்ன ஊழியம், வெறும் பேப்பர் வேலை" என்று நீங்கள் சொன்னதற்கு அன்றைக்குப் பதில் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன். 1 கொரிந்தியர் 15, உயிர்த்தெழுதலைப் பற்றிய 58 வசனம், எக்காளம் தொனிக்கும், மரணமே உன் கூர் எங்கே என்று உச்சிக்குப் போகிறது. முடிகிற வசனத்தில் பவுல் சொல்வது, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் வீணாகாது என்பது. அடுத்த வரி, 16-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், தர்மப்பணம் சேர்ப்பது பற்றி. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதை எடுத்து வையுங்கள் என்று கணக்குப் பேச ஆரம்பித்துவிடுகிறார். அதிகார எண்கள் பிற்காலத்தில் போட்டவை, எழுதினவர் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போயிருப்பார். எக்காளச் சத்தத்துக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் நடுவில் அவருக்கு இடைவெளி தேவைப்படவில்லை, அண்ணன்.

இன்னொன்று. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தின் 40 நாளை நாம் சரியாக எண்ணுவோம், ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை 50 நாள் என்பது பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது. திங்கட்கிழமையே பழையபடி ஆகிவிடுவோம். துக்க வீடும் அப்படித்தான், முதல் வாரம் கூட்டம் தாங்காது, அப்புறம் நிசப்தம். அந்த நிசப்தத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் போன் பண்ணி, "ஒன்றுமில்லை ஆன்ட்டி, சும்மாதான்" என்று சொன்ன வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளே, அது சும்மா இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ராத்திரி இன்னும் கஷ்டம்தான். உயிர்த்தெழுந்த பிறகு, சந்தேகப்பட்ட சீஷன் தோமாவுக்கு ஆண்டவர் காட்டின கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது என்பதை இந்த வருஷம்தான் கவனித்துப் படித்தேன். ஆனால் இந்த ஈஸ்டர் காலையில் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று எனக்கும் சத்தம் வந்தது. பக்கத்து அக்கா திரும்பிப் பார்த்தீர்கள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. நீங்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களில் மூன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன: நீல மூடி டப்பா ஒன்று, பிடி ஆடுகிற தூக்கு ஒன்று, அடியில் ஏதோ எழுத்து தேய்ந்துபோன எவர்சில்வர் கிண்ணம் ஒன்று. உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். போன் பண்ணிவிட்டு வந்தால் நல்லது, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.