2024–25 ஆண்டறிக்கை: கத்திரி வெயிலும் நம் வீட்டுச் செடிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை எனப் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் செடி வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய சமயத்தில் மட்டும் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கத்திரி வழக்கமாக மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை நீடிக்கும். அதற்கு முன்பாகவே நாம் கூடியிருப்பதால், என் நேரத்தில் பெரும்பகுதியைப் போன கோடைக்கே எடுத்துக்கொள்கிறேன்.

போன மே மாதம், செடி வாடுகிறது என்று சொன்னவர்கள் வீட்டுக்கெல்லாம் நிர்வாகக் குழுவினர் நேரில் போய்ப் பார்த்தோம். வெயிலில் கருகியதைவிட, வேர் அழுகிப் போன செடிகளைத்தான் அதிகம் பார்த்தோம். நடப்பது இதுதான்: உச்சி வெயிலில் இலை வெளியே விடும் தண்ணீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இலை தொங்கிப்போகிறது. நாம் பதறிப்போய் ஒரு சொம்பு ஊற்றுகிறோம். அடியில் மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தால், வேருக்குக் காற்றுப் போகாமல் அந்தச் சூட்டிலேயே அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, இலை இன்னும் தொங்கும். நாம் இன்னும் ஊற்றுவோம். அதனால் இலையைப் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்றாமல் விட்டுவிடுங்கள். சாயந்திரம் கடல் காற்று உள்ளே வந்ததும் பெரும்பாலான செடிகள் தானாக நிமிர்ந்துவிடும்.

கடல் காற்றைத்தான் நம் பகுதி மலைபோல் நம்பியிருக்கிறது. மேற்கிலிருந்து அடிக்கும் சூடான காற்று வலுத்துவிட்டால் கடல் காற்று நேரத்துக்கு வராது. அப்படிப்பட்ட நாட்களில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. செய்தியில் மேற்குக் காற்று என்று கேட்டால், மறுநாள் விடியும் முன்பே செடிகளை மேற்கு ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே தள்ளி வைத்துவிடுங்கள். கட்டில் மறைவில் வைத்தாலும் சரி. இரண்டு நாள் வெளிச்சம் குறைந்தால் எந்தச் செடியும் சாகாது.

காசிமேட்டில் ஒரு அம்மா வீட்டில் பார்த்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் ஊற்றுகிறார், தட்டிலும் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் மணி பிளான்ட் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் கொட்டுகிறது. செடியைத் தொட்டியோடு கவிழ்த்து எடுத்தோம். மேலே அரை அங்குலம் ஈரம். நடுவில் தேங்காய் நார்த்தூள் மொத்தமும் ஒரே கட்டியாக, அழுத்தினால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்திருந்தது. ஓரத்தில் கட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஊற்றிய தண்ணீர் அந்தச் சந்து வழியாக நேராக ஓட்டைக்கு ஓடியிருக்கிறது, வேருக்கு ஒரு சொட்டும் போகவில்லை. நர்சரியில் கொடுக்கும் தொட்டிகளில் பெரும்பாலும் நார்த்தூளே நிறைய இருக்கும். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி எளிதில் உறிஞ்சாது. தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டோம். அரை மணி நேரம் ஆனது. பிறகு எடுத்து முழுக்க வடியவிட்டு நிழலில் வைத்தோம். அந்தச் செடி இன்று அவர் வீட்டு ஜன்னல் கம்பி முழுக்கப் படர்ந்திருக்கிறது. தொட்டியைத் தூக்கிப் பார்த்து வழக்கத்தைவிட லேசாக இருந்தால், உங்கள் வீட்டிலும் இதைச் செய்யுங்கள்.

ஊற்றும் நேரம் விடியற்காலை. மதியம் மாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள், நமக்கே சுடும். முந்தின இரவே வாளியில் பிடித்து வைத்தால் சூடும் தணியும், குளோரின் வாடையும் போகும். நம் தெருக்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதும், இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்வதும் அதன் அடையாளம். உரம் போட்டால் அது இன்னும் மோசமாகும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வழியவிட்டு, உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2019-இல் நமக்குக் குடிதண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டதை நாம் மறக்கவில்லை. குடத்தோடு லாரிக்கு நின்ற தெருவில் குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, செடிக்கு மிக நல்லது. ஒரு கேனை அடியில் வைத்துப் பிடியுங்கள். காய்கறி அலசிய தண்ணீர் சரி. அரிசி கழுவியதை அன்றைக்கே, இன்னொரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். வெயிலில் வைத்திருந்தால் புளித்துப்போய்ச் சின்னக் கொசுப்பூச்சிகள் மொய்க்கும். ஆர்.ஓ. கருவியின் கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டாம், பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஏசி பற்றி இன்னொன்று. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பால்கனியில் அரிகா பாம் ஒரு பக்கம் மட்டும் தீய்ந்திருந்தது. வெயில் விழாத பால்கனி அது. காரணம் ஏசியின் வெளிப்பெட்டி, அதன் அனல்காற்று ராத்திரி முழுக்க அந்தப் பக்கத்திலேயே அடித்திருக்கிறது. உள்ளே குளிர்காற்று நேராகப் படும் இடமும் ஆகாது. கலாத்தியா, பெரணி போன்றவை அந்த வறட்சியில் சுருண்டுவிடும். அவற்றை நெருக்கமாகக் கூட்டி வையுங்கள், ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்கு உதவும்.

மொட்டை மாடியில் வைப்பவர்கள் தொட்டியைத் தளத்தின்மேல் அப்படியே வைக்க வேண்டாம். அடியில் செங்கல், மண்ணின்மேல் காய்ந்த சருகு அல்லது தேங்காய் மட்டை, தலைக்கு மேல் 50 சதவீத நிழல்வலை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி வைத்தால் வேர் சூடாகாது. துளசி, சோற்றுக்கற்றாழை, கற்பூரவல்லிகூட கத்திரியில் மதிய நிழலை விரும்பும். இந்த நாட்களில் தொட்டி மாற்றுவது, உரம் போடுவது, கத்தரிப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். கருகிய இலையையும் உடனே வெட்டாதீர்கள், அதன் பச்சைப் பகுதி இன்னும் உழைக்கிறது, கீழிருக்கும் இலைக்கு நிழலும் தருகிறது.

பூச்சியில் மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும்தான் கோடைத் தொல்லை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். பகலில் தெளித்தால் இலை வெந்துவிடும். கடலோரத் தெருக்காரர்கள் வாரம் ஒரு முறை ஈரத் துணியால் இலையைத் துடையுங்கள், உப்பும் லாரிப் புழுதியும் சேர்ந்து படிகிறது. தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் தவறாமல் கொட்டிக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இந்த ஆண்டு நான் மிகவும் மகிழ்ந்த வேலை, பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்களின் செடிகளைப் பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டதுதான். சாவியையே கொடுத்துவிட்டுப் போனார்கள், அந்த நம்பிக்கை பெரிது. பாசத்தோடு தினமும் ஊற்றியதில் சில ஸ்னேக் பிளான்ட்கள் அடி குழைந்துபோயின. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினாலே போதுமான செடி அது. இசட் இசட் செடியும் கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் இந்த முறை ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போங்கள்: 'தினமும் பார்க்கவும்', 'வாரம் ஒரு முறை', 'ஊற்றவே வேண்டாம்'. யாரிடமும் விட முடியாதவர்கள், உயரத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, பருத்தித் திரியின் ஒரு முனையை அதிலும் மறு முனையைத் தொட்டி மண்ணிலும் புதைக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் சிவன் கோயிலில் கட்டும் தாராபாத்திரத்தைப்போல, சிறுகச் சிறுக ஈரம் இறங்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். நிழல்வலையை மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்கே உறுப்பினர்களுக்கு வெட்டித் தருவது. மாடி இல்லாத, ஒற்றை ஜன்னல் உள்ள வீடுகளுக்கு மணி பிளான்ட், அக்லோனிமா கன்றுகளை இலவசமாகக் கொடுப்பது. கன்று தர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். ஆனால் கன்றுகளைக் கத்திரி முடிந்து ஜூனில் தாருங்கள்.

வெயிலில் வீடு வீடாக வந்த நிர்வாகக் குழுவினருக்கும், கூட்டம் நடத்த இடம் கொடுத்த குடும்பத்தாருக்கும், மோர் கொடுத்து உபசரித்த எல்லா வீட்டாருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்