பிற்பகல் மூன்றுக்கே இருட்டும் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். எதைப் பார்க்கலாம், எங்கே நின்று படம் எடுக்கலாம் என்று எல்லாம் வருகிறது, ஆனால் தனியாகப் போய் இறங்குபவனுக்கு முதல் வாரம் மனசு என்ன பாடுபடும் என்று யாரும் எழுதுவதில்லை. வேலை விஷயமாக இந்த டிசம்பரில் ஃபின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கி வந்திருக்கிறேன், சரி, நானே எழுதிவிடுகிறேன்.

சூரியன் காலை 9.20 வாக்கில்தான் எட்டிப் பார்க்கிறது. பிற்பகல் 3.15-க்குள் போய்விடுகிறது. உச்சிப் பொழுதிலும் அடிவானத்தை விட்டு ஆறேழு டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை, அதுவும் மேகம் விட்டால்தான். "வெயில் அடிக்குதா?" என்று அம்மா போனில் கேட்டார், அடிக்குது என்று பொய் சொன்னேன். மதியச் சாப்பாடு முடித்து நிமிர்ந்தால் ஜன்னல் கருத்துக் கிடக்கும், ராத்திரியாகிவிட்டது என்று உடம்பு நம்பிவிடும், அப்புறம் தூக்கம் வரும்வரை அந்த ஏழெட்டு மணி நேரத்தை ஓட்டுவதுதான் பெரும்பாடு.

முதல் நாளே வழி தவறினேன். பலகையில் மேலே மான்னர்ஹெய்மின்தியே, கீழே மான்னர்ஹெய்ம்வேகென் என்று இருந்ததால் இரண்டு சாலைகள் சந்திக்கும் இடம் என்று நினைத்து, இல்லாத இரண்டாவது சாலையைப் பனியில் அரை மணி நேரம் தேடினேன். ஒரே சாலைதான், ஃபின்னிஷ் பெயரும் ஸ்வீடிஷ் பெயரும்! நாட்டில் ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 சதவீதம்தான், ஆனால் ஓர் ஊரில் சிறுபான்மை மொழிக்காரர்கள் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தால் அந்த ஊர் இருமொழி ஊர் என்பது இங்கே சட்டம். என்னைச் சுற்ற விட்ட சட்டம் என்றாலும் பிடித்திருந்தது.

ரயில் நிலைய வாசலில் உருண்டை விளக்கைக் கையில் ஏந்திய நான்கு கல் மனிதர்கள் நிற்கிறார்கள், இரண்டிரண்டு பேராக. முகத்தில் சிரிப்பே கிடையாது. ஆனால் அந்த இருட்டில் தினமும் எனக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

அங்கிருந்து நாலு எட்டில், நாடாளுமன்றத்துக்கு எதிரே, 2018-இல் திறந்த 'ஓடி' (Oodi) என்ற நூலகம் இருக்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை, உள்ளே போய் உட்காரலாம். புத்தகமெல்லாம் மேல் மாடியில். தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று நான் தேடவில்லை, இல்லை என்று தெரிந்துவிட்டால் அன்றைக்குத் தாங்கியிருக்காது. நடு மாடியில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்த தையல் மிஷின்கள் இருக்கின்றன. ஒரு பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பழைய கோட்டின் உள்துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். மிஷின் ஓடி நிற்கும், அவர் துணியைத் திருப்புவார், மறுபடி ஓடும். கண்ணை மூடினால் அடுத்த அறையில் அம்மா தைக்கிற சத்தம். இருட்டைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

குளிர்கால ஊர்களைப் பற்றி இனி எழுதுகிறவர்களிடம், எத்தனை மணிக்கு இருட்டும், இருட்டிய பிறகு காசில்லாமல் எங்கே போய் உட்காரலாம் என்ற இரண்டையும் முதல் பத்தியிலேயே கேட்டு வாங்கிப் போடுங்கள்.

மறுநாள் வார் பிய்ந்த என் பையை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். தையல் கோணல்மாணலாகத்தான் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன், ஹெல்சின்கி